கெரிஞ்சி எரிமலை: இறங்கத் தெரிந்தால் ஏறலாம்

குன்றக்குடியிலிருந்து பழநிக்குக் காவடியோடு நடந்த கால்கள் நம்மூரில் வீட்டுக்கு ஒரு ஜோடியாவது இருக்கும். அந்தக் கால்களை நம்பி சுமத்ராவின் கெரிஞ்சி எரிமலைக்குப் போகலாமா என்று கேட்டால், போகலாம் என்பது பாதி பதில். மீதிப் பதிலுக்குத்தான் இந்தப் பதிவு. பாதயாத்திரை பெரும்பாலும் சமதளம். உள்ளங்கால் தோலைப் பழக்கும், விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து நடக்க மனதைப் பழக்கும். தொடையின் முன்பக்கத் தசைக்கு மட்டும் அதில் பெரிதாக வேலை இல்லை. கெரிஞ்சியில் ஆளைச் சாய்ப்பது அந்தத் தசைதான், அதுவும் இறங்கும்போது.

கெரிஞ்சியின் உயரம் 3,805 மீட்டர். இந்தோனேசியாவின் எரிமலைகளில் இதுவே மிக உயரம். சுற்றிலும் இருப்பது கெரிஞ்சி செப்லாட் தேசியப் பூங்கா, சுமார் 13,750 சதுர கிலோமீட்டர் மழைக்காடு. நம் சிவகங்கை மாவட்டத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல். 2004-இல் யுனெஸ்கோ இதையும் சுமத்ராவின் வேறு இரண்டு பூங்காக்களையும் சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் வைத்தது. கடல் கடந்து வாணிபத்துக்குப் போன, அதாவது கொண்டுவிற்கப் போன காலத்தில் நம்மவர்கள் பினாங்குக்கு எதிர்க்கரையில் இருக்கும் மேடான் வரை கடை வைத்திருந்தார்கள். கெரிஞ்சி அங்கிருந்து வெகு தெற்கே இருக்கிறது. இதற்கு வாசல் பாடாங் நகரம்.

முதலில் மலையின் நிலை, பிறகுதான் டிக்கெட்

இந்தோனேசிய எரிமலைத் துறை ஒவ்வொரு எரிமலைக்கும் நான்கு நிலை வைத்திருக்கிறது: நோர்மால், வாஸ்பாடா, சியாகா, ஆவாஸ். மாக்மா இந்தோனேசியா என்ற அவர்களுடைய தளத்தில் எந்த மலை எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கலாம். கெரிஞ்சி பல ஆண்டுகளாக இரண்டாம் நிலையான வாஸ்பாடாவிலேயே இருந்து வந்திருக்கிறது. அந்த நிலையில் எரிமலை வாயிலிருந்து 3 கிலோமீட்டருக்குள் யாரும் போக வேண்டாம் என்பது துறையின் பரிந்துரை. உச்சியும் அதற்குக் கீழே கடைசி முகாமான மூன்றாம் ஷெல்டரும் அந்த 3 கிலோமீட்டருக்குள்தான் வருகின்றன. பூங்கா நிர்வாகம் பாதையைத் திறப்பதும் மூடுவதும் தனி முடிவு. "பாதை திறந்திருக்கிறது" என்று யாராவது சொன்னால் மலை அமைதியாக இருக்கிறது என்று பொருள் கொள்ளாதீர்கள்.

இதைப் பலர் சடங்கு எச்சரிக்கையாக எடுத்துக்கொள்கிறார்கள். 2023 டிசம்பர் 3 அன்று, பாடாங்குக்கு வடக்கே இருக்கும் மராபி எரிமலை (ஜாவாவின் மெராபி வேறு) வெடித்தபோது அதுவும் இதே இரண்டாம் நிலையில்தான் இருந்தது. அன்று மலையில் 75 பேர் இருந்தார்கள். 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மலைக்குள் தேங்கிய நீர் சூடேறி நீராவியாக வெடிக்கும்போது நிலநடுக்கக் கருவிகள்கூடப் பெரிதாக முன்குறி காட்டுவதில்லை. கெரிஞ்சியும் அடிக்கடி சாம்பல் கக்கும் மலை.

அதனால் முன்பதிவு செய்யும்போதே கைடிடம் இரண்டு திட்டம் கேட்டு வாங்குங்கள். எரிமலைத் துறையும் பூங்காவும் அனுமதித்தால் உச்சி. இல்லையென்றால் சுமார் 2,500 மீட்டரில் இருக்கும் முதல் ஷெல்டர் வரை காடு, அத்துடன் பக்கத்திலுள்ள குனுங் துஜு ஏரி. இரண்டாவது திட்டம் ஆறுதல் பரிசு இல்லை. கெரிஞ்சியின் சிறப்பே அந்த 2,500 மீட்டர் வரையிலான காடுதான். உச்சியில் சாம்பலும் கல்லும் கந்தக நெடியும், மேகம் விலகினால் ஒரு காட்சியும் இருக்கும். பறவை நோக்குபவர்கள் உலகின் பல மூலைகளிலிருந்து இங்கே வருவது கீழ்க்காட்டுக்காக. பல பத்தாண்டுகள் யார் கண்ணிலும் படாதிருந்த ஷ்னைடர் பிட்டா என்ற தரைப்பறவை 1988-இல் மீண்டும் தென்பட்டது இந்த மலைக்காட்டில்தான்.

போய்ச் சேருவது

திருச்சியிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து பாடாங். காரைக்குடி, தேவகோட்டைக்காரர்களுக்கு இதுவே சுருக்கமான வழி. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இறங்கியதும் கிடைக்கும் 30 நாள் விசாவுக்கு 5,00,000 ரூபியா கட்டணம். ஆன்லைனிலேயே எடுத்துவிட்டுப் போனால் வரிசை மிச்சம். புறப்படும் வாரத்தில் விதி மாறியிருக்கிறதா என்று மறுபடி பாருங்கள். பாடாங்கில் இரவு தங்கி, மறுநாள் காரில் ஏழெட்டு மணி நேரம் மலைச்சாலையில் போனால் கெர்சிக் துவோ கிராமம், சுமார் 1,500 மீட்டர் உயரம். வளைவுகள் வயிற்றைப் புரட்டும். வாந்தி மாத்திரையைப் புறப்படுவதற்கு அரை மணி முன்னால் போட்டால்தான் பலன். ரூபியா நோட்டைப் பாடாங்கிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

கெர்சிக் துவோவைச் சுற்றி கண்ணுக்கெட்டிய தூரம் காயு ஆரோ தேயிலைத் தோட்டம். 1920-களில் டச்சுக்காரர்கள் போட்டது. வேலைக்கு ஜாவாவிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார்கள்; இன்று அங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் அவர்கள் வழிவந்தவர்கள். அதனால் கைடை "மாஸ்" என்று கூப்பிடுவது அங்கே இயல்பு, நாம் "அண்ணே" என்பதைப் போல. வயதானவரை "பாக்". பெயர் சொல்லி மட்டும் அழைத்தால் முகம் சுருங்கும்.

மழை எல்லா மாதமும் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஓரளவு குறைவு. நமக்கு ஆடி மாதம் தோதாக அமையும். வீட்டில் கல்யாணம் காட்சி இருக்காது. ஆகஸ்ட் 17 மட்டும் வேண்டாம். அவர்கள் சுதந்திர நாள், கொடியேற்ற மலையெங்கும் கூட்டம் ஏறும். முகாமில் கூடாரம் போட இடம் கிடைக்காது.

மூன்று நாளா, நான்கு நாளா

கடைவிரித்திருக்கும் திட்டங்களில் மலிவானது இரண்டு நாள் ஒரு இரவு. அதை எடுக்காதீர்கள். கணக்கைப் பாருங்கள். பிந்து ரிம்பா என்ற காட்டு வாசல் சுமார் 1,800 மீட்டர். முதல் நாள் அங்கிருந்து ஏழெட்டு மணி நேரம் ஏறி, சுமார் 3,300 மீட்டரில் மூன்றாம் ஷெல்டரில் தூங்க வேண்டும். இரண்டாம் நாள் விடியுமுன் 500 மீட்டர் ஏறி உச்சி. அதே நாளில் 2,000 மீட்டர் இறங்கி ஊர். அந்த 2,000 மீட்டர் இறக்கத்தில் கடைசி 700 மீட்டரைத்தான் பலர் பின்பக்கமாகவும் உட்கார்ந்தும் இறங்குகிறார்கள். கணுக்கால் பிசகுவதும் அங்கேதான். மேலே ஆபத்து என்று தெரியும் இடத்தில் எல்லோரும் பார்த்துக் கால் வைப்பார்கள். கீழே பாதை எளிதாகிவிட்டது என்று நினைக்கும் நேரத்தில் தொடைத் தசை ஓய்ந்து போயிருக்கும். வழுக்கும் வேரில் வைத்த காலைப் பிடித்து நிறுத்த அதற்குத் தெம்பு இருக்காது.

மூன்று நாள் திட்டத்திலும் இரண்டு வகை உண்டு. முதல் இரவு முதல் ஷெல்டர், இரண்டாம் இரவு மூன்றாம் ஷெல்டர், மூன்றாம் நாள் உச்சியும் முழு இறக்கமும் என்பது ஒன்று. இதில் உடம்பு உயரத்துக்குப் பழகும். ஆனால் 2,000 மீட்டர் இறக்கம் அப்படியே ஒரே நாளில் நிற்கிறது. இன்னொன்று, முதல் இரவே மூன்றாம் ஷெல்டர், இரண்டாம் நாள் உச்சி தொட்டு முதல் ஷெல்டர் வரை இறங்கித் தூக்கம், மூன்றாம் நாள் மீதி. இறக்கம் 1,300, 700 என்று இரண்டாகப் பிரிந்துவிடும். நாற்பது வயதுக்குள் இருப்பவர்களுக்கு இந்த இரண்டாவது வகையே நல்லது, ஒரு நிபந்தனையோடு: ஏறுவதற்கு முன் கெர்சிக் துவோவில் இரண்டு இரவு தங்கி, நடுவில் ஒரு நாள் குனுங் துஜு ஏரிக்கு ஏறி இறங்க வேண்டும். கடல் மட்டத்தையொட்டி வாழும் நாம் இரண்டாம் நாளே 3,300 மீட்டரில் படுத்தால் தலைவலி வர வாய்ப்பு அதிகம். அந்த ஏரி 1,900 மீட்டருக்கு மேலே, பழைய எரிமலை வாயில் தேங்கியது. போக மூன்று மணி நேரம், உடம்புக்கும் பூட்ஸுக்கும் நல்ல ஒத்திகை.

ஐம்பது தாண்டியவர்களும் முழங்கால் தொல்லை உள்ளவர்களும் நான்கு நாள் கேளுங்கள்: முதல் இரவு முதல் ஷெல்டர், இரண்டாம் இரவு மூன்றாம் ஷெல்டர், மூன்றாம் இரவு மறுபடி முதல் ஷெல்டர். ஒரு நாள் சாப்பாடும் ஒரு நாள் கூலியும் கூடும். அவ்வளவுதான்.

கைடோடு பேசும்போது எழுத்தில் வாங்க வேண்டியவை: பூங்கா அனுமதிச் சீட்டு (அங்கே சிமாக்சி என்பார்கள், பாஸ்போர்ட் நகல் கேட்பார்கள்) யார் எடுப்பது, மூன்று நான்கு பேருக்கு ஒரு கைடு உண்டா, கூடாரம், பாய், ஸ்லீப்பிங் பேக் அவர்களுடையதா, போர்ட்டர் ஒருவர் எத்தனை கிலோ தூக்குவார், அவர்களுக்குக் கூடாரமும் போர்வையும் இருக்கிறதா. இந்தக் கடைசிக் கேள்வியை விடாதீர்கள். பிளாஸ்டிக் ஷீட்டுக்கு அடியில் குளிரில் விழித்துக் கிடந்த ஆள் மறுநாள் 20 கிலோவோடு உங்கள் முன்னால் இறங்கப் போகிறார். ஹெலிகாப்டரை நம்பி இங்கே திட்டம் போட முடியாது. கால் உடைந்தால் தூளி கட்டித் தூக்கி வருபவர்களும் அவர்கள்தான். பயணக் காப்பீட்டில் 4,000 மீட்டர் வரை மலையேற்றம் அடங்கும் என்று வரி வரியாகப் பார்த்து வாங்குங்கள். சாதாரணப் பாலிசிகளில் பெரும்பாலும் இருக்காது.

பாதை

பிந்து ரிம்பாவிலிருந்து முதல் மூன்று போஸ்ட்கள் (வழியில் உள்ள நிறுத்தங்கள்) வரை மெதுவான ஏற்றம். பங்கு பஞ்சாங், பாத்து லுமுத், மூன்றாம் போஸ்ட் என்று சுமார் 2,200 மீட்டர் வரை ஒன்றரை இரண்டு மணி நேரம். வேகமாகப் போகத் தோன்றும். கைடு "பெலான் பெலான்" என்பார், மெல்ல மெல்ல. மலாயா போய் வந்த வீடுகளில் இந்தச் சொல்லைக் கேட்டிருப்பீர்கள். மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற வேகமே சரியான வேகம்.

மேலே மரத்தில் சியாமாங் குரங்குகளின் குரல் காலையில் மலை முழுக்க எதிரொலிக்கும். புலி இருக்கிற காடு. பாதையில் பார்ப்பது மிக அரிது. காட்டுக்குள் புலியின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். தாத்தா, பாட்டி என்ற பொருளில் முறை வைத்துத்தான் குறிப்பிடுவார்கள். ராத்திரியில் பாம்பைப் பூச்சி என்று சொல்லி வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கைடு முன்னால் அதை மதித்து நடந்துகொள்ளுங்கள்.

அட்டை கீழ்க்காட்டில் உண்டு. பேண்ட்டைக் காலுறைக்குள் செருகி, காலுறை மேல் விளிம்பில் புகையிலை ஊறிய தண்ணீரைத் தடவினால் பெரும்பாலும் ஏறாது. ஏறிவிட்டால் பிடித்து இழுக்காதீர்கள். ஒட்டியிருக்கும் மெல்லிய முனைக்கடியில் நகத்தை வழித்துத் தள்ளினால் விடும். உப்போ நெருப்போ வைத்தால் அது குடித்ததைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிட்டுப் போகும். புண் சீழ் பிடிப்பது அதனால்.

தண்ணீர் கீழிருந்தே ஆளுக்கு 3 லிட்டர். பாத்து லுமுத் அருகே ஓடை உண்டு, மேலே ஒன்றிரண்டு ஊற்றுகளைக் கைடு அறிவார். எதுவானாலும் குளோரின் மாத்திரை போட்டு அரை மணி. தண்ணீர் மிகவும் குளிர்ந்திருந்தால் ஒரு மணி நேரம்.

முதல் ஷெல்டர் தாண்டியதும் மலை முகம் மாறும். இரண்டாம் ஷெல்டர் சுமார் 3,050 மீட்டர். அங்கிருந்து மூன்றாம் ஷெல்டர் வரை பாதை என்று சொல்வதே தவறு, அது மழைத்தண்ணீர் அரித்த வாய்க்கால். ஓர் ஆள் அகலம், தலைக்கு மேல் வரை மண்சுவர். இரண்டு பக்கப் புதர்களும் மேலே பின்னிக் கூரை போட்டிருக்கும். தரையில் சேறு, அதில் முழங்கால் உயரத்துக்கும் இடுப்பு உயரத்துக்கும் படிபோல வேர்கள். காலை உயர்த்தி வைத்தால் எட்டாது. முழங்காலை ஊன்றி, மேலே தொங்கும் வேரைப் பிடித்து உடம்பை இழுக்க வேண்டும். பிடிக்குமுன் வேரை ஒரு முறை உலுக்கிப் பாருங்கள். பச்சையாக, வளைந்து கொடுத்தால் நம்பலாம். சாம்பல் நிறத்தில் விறைப்பாக, பட்டை உரிந்து இருந்தால் செத்த வேர்; உங்கள் எடையோடு கையில் வந்துவிடும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ரப்பர் பூசிய வேலைக் கையுறை இங்கே விலை உயர்ந்த மலைக் கையுறையைவிட நன்றாகப் பிடிக்கும்.

பையின் மேல் பாயைக் கட்டிக்கொண்டு வருபவர்கள் இந்த வாய்க்காலில் பத்தடிக்கு ஒரு முறை மாட்டிக்கொள்வார்கள். பை தலைக்கு மேல் எழக்கூடாது, பக்கத்தில் எதுவும் தொங்கக்கூடாது. ஊன்றுகோல்களை மடக்கி உள்ளே வைத்துவிடுங்கள். இறங்கும்போது முதல் ஷெல்டருக்குக் கீழே எடுத்தால் போதும்.

ஈரம்

குளிரைவிட இங்கே எதிரி ஈரம். ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி குறையும். கெர்சிக் துவோவில் 20 டிகிரி இருந்தால் உச்சியில் 5. விடியலில் காற்றோடு இன்னும் கீழே. காய்ந்த உடையில் அந்தக் குளிர் ஒன்றுமில்லை. நனைந்த உடையில் நடுக்கம் தொடங்கி, பேச்சு குழறி, கைகள் பொத்தான் போட மறுக்கும். கண்டாங்கி நம்மூர் வெயிலுக்காக நெய்தது. அதே பருத்தி கெரிஞ்சியில் தண்ணீரை இழுத்து வைத்துக்கொண்டு உடம்புச் சூட்டைத் தின்னும். காற்றே ஈரமாக இருப்பதால் கொடியில் போட்டாலும் காயாது. பனியன், உள்ளாடை உட்படச் செயற்கை இழையோ கம்பளியோ மட்டும்.

முறை எளிது, கடைப்பிடிப்பதுதான் கஷ்டம். நடக்க ஒரு ஜோடி, தூங்க ஒரு ஜோடி. தூங்கும் ஜோடியைத் தடித்த பாலிதீன் பையில் போட்டு, வாயை முறுக்கிக் கட்டி, அதை இன்னொரு பைக்குள் போட்டு வையுங்கள். முகாமுக்கு வந்ததும் மாற்றுங்கள். காலையில், எவ்வளவு அருவருப்பாக இருந்தாலும், நனைந்த நடை உடையையே மறுபடி போட வேண்டும். பத்து நிமிட ஏற்றத்தில் உடம்புச் சூட்டில் பழகிவிடும். இரக்கப்பட்டுக் காய்ந்ததைப் போட்டுக்கொண்டால் அன்று இரவு காய்ந்தது எதுவுமே இருக்காது. தூங்கும் மூட்டையில் ஒரு கைலியும் இருக்கட்டும். உடை மாற்ற, கழுத்தைச் சுற்ற, தலையணையாகச் சுருட்ட உதவும். அவர்களும் அங்கே சாரோங் கட்டுகிறவர்கள்தான்.

ஸ்லீப்பிங் பேக் வாங்கினால் அட்டையில் கம்ஃபர்ட் என்று போட்ட எண்ணைப் பாருங்கள். 5 டிகிரி அல்லது கீழே. எக்ஸ்ட்ரீம் என்ற எண் உயிர் பிழைக்க மட்டும், தூங்க அல்ல.

சாப்பாடு

போர்ட்டர்கள் சோறு, நூடுல்ஸ், முட்டை, தெம்பே (புளிக்கவைத்த சோயா) எல்லாம் நன்றாகச் சமைப்பார்கள். சைவக்காரர்கள் "சைவம்" என்பதோடு நிறுத்தினால் போதாது. சம்பலில் தெராசி என்ற இறால் விழுது கலந்திருக்கும். "தன்பா டாகிங், தன்பா ஈகான், தன்பா தெராசி" என்று சொல்லுங்கள்: இறைச்சி, மீன், இறால் விழுது இல்லாமல். சந்தையில் சாமான் வாங்குவதற்கு முன்பே சொல்ல வேண்டும். மலையில் சொல்லிப் பயனில்லை.

3,300 மீட்டரில் தண்ணீர் சுமார் 89 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு லேசில் வேகாது, சோறு வேகவும் நேரம் கூடும், கேஸ்தான் தீரும். இதற்கு வீட்டிலிருந்து அவலும் புளிக்காய்ச்சலும் கொண்டுபோவதைப் போன்ற தீர்வு வேறில்லை. ஆளுக்கு வேளைக்கு 80 கிராம் கெட்டி அவல், அது மூழ்கச் சுடுதண்ணீர், பத்து நிமிடம் மூடி, மேலே இரண்டு கரண்டி புளிக்காய்ச்சல். புளிக்காய்ச்சலைத் தண்ணீர் சுண்டி எண்ணெய் மேலே மிதக்கும் வரை காய்ச்சி, ஆறிய பிறகே அடைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் மூடியில் வேர்த்த நீர் சொட்டிப் பூசணம் பிடிக்கும். விமானத்தில் செக்-இன் பையில் வையுங்கள், கைப்பையில் விடமாட்டார்கள்.

பலகாரத்தில் மாவுருண்டை வேண்டாம். ஒரு நாள் பைக்குள் குலுங்கினால் மாவாகிவிடும். பொரிவிளங்காய் உருண்டை உடையாது, ஆனால் அந்தக் குளிரில் கல். வீட்டிலேயே பாக்கு அளவுக்கு உடைத்துப் பொட்டலம் கட்டுங்கள், நடக்கும்போது வாயில் அடக்கிக்கொள்ளலாம். உப்புக்கு மணகோலம். மூன்றாம் ஷெல்டரில் பசியே எடுக்காது. அப்போது இனிப்பைவிட உப்பும் புளிப்பும்தான் உள்ளே இறங்கும். எதையும் கூடாரத்துக்குள் வைத்துத் தூங்காதீர்கள், எலி துணியைக் கடித்து வரும். பலகார உறை முதல் எல்லாக் குப்பையும் உங்களோடு கீழே வர வேண்டும். அந்த ஷெல்டர்களில் முந்தையவர்கள் விட்டுப் போனதைப் பார்த்தால் மனம் கொதிக்கும்.

பாடாங் பக்கம் திரும்பும்போது சந்தையில் கெத்தான் ஹிதாம் என்று கறுப்பு ஒட்டரிசி கிடைக்கும். தேங்காய்ப்பாலில் கஞ்சியாகவும் விற்பார்கள். நம் கவுனி அரிசிக்கு ஒன்றுவிட்ட உறவு. ஆச்சிகளுக்கு ஒரு கிலோ வாங்கி வர ஆசையாக இருந்தால் இந்தியச் சுங்கத்தில் விதை, தானிய விதியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

உச்சி

மூன்றாம் ஷெல்டரிலிருந்து அதிகாலை மூன்றரைக்குப் புறப்பட்டால் இரண்டரை மணி நேரம். ஆறு மணியையொட்டி விடியும். புறப்படுமுன் ஒரு சோதனை: தலைவலியோடு குமட்டலோ நடையில் தள்ளாட்டமோ இருந்தால் உச்சி கிடையாது. மாத்திரை போட்டு மறைத்துக்கொண்டு ஏறக்கூடாது. கீழே இறங்குவதே மருந்து. அசட்டசோலமைடு எடுப்பதாக இருந்தால் ஊரிலேயே டாக்டரிடம் கேளுங்கள், சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும்.

மேலே மண் இல்லை, சரளையும் சாம்பலும். இரண்டடி வைத்தால் ஓரடி சரியும். முன்னால் போனவர் கால் பதித்த குழியிலேயே காலை வையுங்கள். ஒருவருக்கு நேர் கீழே இன்னொருவர் நடக்கக்கூடாது. கல் உருண்டால் தப்ப இடமிருக்காது. வழியில் துகு யூதா என்ற நினைவுக்கல் வரும், இந்த மலையில் காணாமல்போன ஒரு மலையேறிக்காக வைத்தது. அந்த இடத்தை நன்றாக மனதில் பதித்துக்கொள்ளுங்கள். மேகம் மூடினால் எல்லாச் சரிவும் ஒரே மாதிரி இருக்கும்; தவறான ஓடைக்குள் இறங்கினால் கீழே போகப் போகத் திரும்ப ஏற முடியாத காடு. கைடு கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் நின்ற இடத்திலேயே நில்லுங்கள், விசில் ஊதுங்கள்.

எரிமலை வாய் 600 மீட்டர் அகலம். வேலி கிடையாது. விளிம்பு கெட்டியான பாறை போலத் தெரிந்தாலும் அடியில் குடைந்திருக்கும் சாம்பல் திண்ணை. படம் எடுக்க முன்னால் போகாதீர்கள். காற்று உங்கள் பக்கம் திரும்பி அழுகிய முட்டை நெடி வந்தால் உடனே விலகுங்கள். நெடி நின்றுவிட்டதே என்று உட்கார்ந்துவிட வேண்டாம்: ஹைட்ரஜன் சல்ஃபைடு அளவு கூடினால் மூக்கு மரத்து வாசனையே தெரியாமல் போகும். என்-95 முகக்கவசம் சாம்பலைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. ஈரத்துணியும் அப்படித்தான். அமில வாயு வடிகட்டி பொருத்திய அரைமுகக் கவசம் மட்டுமே ஓரளவு அவகாசம் தரும். அரை மணிக்கு மேல் மேலே இருக்க வேண்டியதில்லை; வெயில் ஏற ஏற மேகமும் ஏறிவரும்.

இதற்கு நம்மூரில் எப்படிப் பழகுவது

பெரிய மலையில்லாத சீமை நம்முடையது. ஆனாலும் பன்னிரண்டு வாரம் கிடைத்தால் போதும்.

இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. பழகாத தசையில் அப்போது நுண்ணிய கிழிசல்கள் விழும்; வலி மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் உச்சத்துக்கு வரும். ஆனால் ஒரு முறை அப்படிக் கிழிந்து ஆறிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையில் அவ்வளவு சேதப்படாது. முழுப் பயிற்சியும் இந்த ஒரு குணத்தின் மேல்தான் நிற்கிறது.

முதல் நான்கு வாரம் வாரத்துக்கு நான்கு நாள், கண்மாய்க் கரையில் ஒரு மணி நேரம், முதுகில் 4 கிலோ. தார்ச்சாலை வேண்டாம், கரையின் மேடுபள்ளம் கணுக்காலுக்கு வேண்டும். ஐந்தாம் வாரத்திலிருந்து வீட்டு வாசல் படி. நம் பழைய வீடுகளின் உயர்ந்த படி இதற்கென்றே கட்டியது போலிருக்கும். படிமேல் ஒற்றைக் காலில் நின்று, மற்ற குதிகால் தரையைத் தொடும்வரை மூன்று எண்ணிக்கையில் மெதுவாக இறங்குங்கள்; ஏறும்போது இரண்டு காலையும் பயன்படுத்தலாம். காலுக்குப் பதினைந்து, மூன்று சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். முழங்கால் உள்பக்கம் சாய்ந்தால் படி உயரத்தைக் குறையுங்கள். எட்டாம் வாரத்துக்குள் முதுகில் 8 கிலோவோடு இதைச் செய்ய முடிய வேண்டும்.

ஏழாம் வாரம் பிரான்மலை. ஒன்பதாம் வாரம் பழநிப் படி, 690-க்கும் மேல் உண்டு. கூட்டமில்லாத நாளில் இரண்டு முறை ஏறி இறங்குங்கள். பத்தாம் வாரம் கொல்லிமலை ஆகாய கங்கை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படி; முடிந்தால் அடுத்தடுத்து இரண்டு நாள். வலியோடு இரண்டாம் நாள் இறங்குவதுதான் கெரிஞ்சியின் மூன்றாம் நாள். கடைசி இறக்கப் பயிற்சி பயணத்துக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்னால் முடிந்துவிட வேண்டும்.

பூட்ஸை இந்தப் பயிற்சி முழுக்கப் போட்டே நடங்கள். இறங்கும்போது விரல் முன்னால் முட்டினால் அரை அளவு பெரிதாக மாற்றுங்கள். முட்டிய நகம் மூன்றாம் நாள் கறுத்துவிடும். நகத்தைப் புறப்படுவதற்கு மூன்று நாள் முன்னால் நேராக வெட்டுங்கள். இறக்கம் தொடங்குமுன் கயிறை அவிழ்த்து, குதிகாலைப் பின்னுக்குத் தட்டி உட்காரவைத்து, கணுக்கால் வளைவில் இறுக்கி மறுபடி கட்டுங்கள். இரண்டு நிமிட வேலை. மூன்றாம் ஷெல்டரில் ஒரு முறை, முதல் ஷெல்டரில் ஒரு முறை.

மலையிலிருந்து இறங்கிய அன்றே பாடாங் காரில் ஏறாதீர்கள். எட்டு மணி நேரம் மடக்கிய கால் பாடாங்கில் நிமிராது. கெர்சிக் துவோவில் ஒரு இரவு தங்கி, பூட்ஸை அன்றைக்கே குழாயடியில் வைத்துத் தையல் இடுக்குகளில் புகுந்த சாம்பலைப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். எரிமலைச் சாம்பல் பொடித்த கண்ணாடிக்குச் சமம். காய்ந்து இறுகினால் நூலை அறுக்கும். உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து நிழலில் வையுங்கள், இரண்டு மணிக்கு ஒரு முறை தாளை மாற்றினால் காலைக்குள் ஓரளவு காய்ந்துவிடும். அடுப்புப் பக்கம் வைத்தால் அடிப்பாகப் பசை விட்டுப் பிளந்துவிடும்.